கத்ரு என்று சொல்லி முடித்துவிட்டோம்



இருபதாண்டு காலமாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வரும் நாம், ஒரு ஜனாஸாவின்போது சொன்ன ஒற்றைச் சொல்லைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். அந்தச் சொல்லில் பிழையில்லை. அதைச் சொன்ன நேரத்திலும், சொல்லிவிட்டு நம் கடமை முடிந்ததென எழுந்து வந்ததிலும்தான் பிழை இருந்தது. அதனால் ஒரு விதவைப் பெண்ணும் இரு யதீம் பிள்ளைகளும் தமக்குரிய ஹக்கை இழக்கவிருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் அது தவிர்ந்தது. வேறொரு மஹல்லாவில் வேறொரு ஹஜ்ரத் இதே பிழையைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே வெட்கத்தை ஒதுக்கி வைத்து எழுதுகிறோம்.

தருமபுரி மாவட்டத்தில் வாழ்வோருக்கு நெடுஞ்சாலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் மாவட்டத்தை வடக்கிலிருந்து தெற்காக ஊடறுத்துச் செல்கிறது. நல்லம்பள்ளியைக் கடந்து சேலம் நோக்கிப் போனால் தொப்பூர் கணவாய். அங்கே சாலை சரிவாக இறங்குகிறது. டீசலை மிச்சப்படுத்துவதற்காக கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியை உருளவிடும் ஓட்டுநர்கள் உண்டு. அப்போது என்ஜினின் பிடிமானம் போய்விடுகிறது. பாரமெல்லாம் பிரேக்கின் மீது விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. 2020 டிசம்பர் 12 அன்று அங்கே ஒரு லாரி முன்னால் நின்ற வாகனங்களின் மீது அடுத்தடுத்து மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் ஒரு கோர விபத்து. மறுபடியும் நான்கு உயிர்கள். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர் நம் ஊரில் இருக்க மாட்டார்.

இவையெல்லாம் செய்தியில் வருபவை. செய்தியில் வராமல், சாலையைக் கடக்கும்போது ஒருவர் ஒருவராக இறப்பவர்கள் வேறு. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளால் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் எனலாம். அதே ஆண்டில் தமிழகத்தில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்திற்கு. நடந்து சென்று மாண்ட அத்தகைய ஒருவர்தான் நம் மதரஸாவில் ஓதும் இரு பிள்ளைகளின் அத்தா.

அவர் துணி வியாபாரி. கடை கிடையாது. துணி மூட்டையைத் தோளில் சுமந்து, பஸ் ஏறி, கிராமம் கிராமமாகச் சென்று தவணைக்கு விற்று வருவார். நாற்பத்திரண்டு வயது. வயதான தாயாரையும் மனைவியையும் இரு பிள்ளைகளையும் அந்த மூட்டைதான் காப்பாற்றியது. இரவு திரும்பும்போது பஸ் அவரை நெடுஞ்சாலையின் மறுபுறம் இறக்கிவிடும். கீழ்வழிப் பாதை இருக்கிறது. ஆனால் அதற்கு வெகுதூரம் நடந்து சென்று, மறுபடியும் அதே தூரம் திரும்ப வேண்டும். நடுத்தடுப்பில் எவரோ உடைத்துவிட்ட இடைவெளி ஒன்று ஊருக்கு நேராக இருந்தது. ஊரே அதன் வழியாகத்தான் கடந்தது. நாமும் கடந்திருக்கிறோம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, இஷா ஜமாஅத் முடிந்து நாம் பள்ளியின் கதவைச் சாத்தும் வேளையில், சாலைப் பக்கமிருந்து கூக்குரல் கேட்டது. ஒரு சரக்கு வேன். துணி மூட்டை அவிழ்ந்து சாலை நெடுகக் கிடந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் முதல் பிழையைச் செய்தோம். பிரேதப் பரிசோதனை வேண்டாம், மையித்தை அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று உறவினர்கள் மன்றாடினார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, எங்கள் மார்க்கத்தில் மையித்தைத் தாமதப்படுத்தக் கூடாது, அதன் கண்ணியம் குலையக் கூடாது என்று காவலரிடம் வாதாடினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா இது விபத்து வழக்கு. எழுதாம விட்டா நாளைக்கு இந்தக் குடும்பத்துக்குத்தான் கஷ்டம்" என்றார். அன்று அவர்மீது நமக்கு வருத்தம்தான் ஏற்பட்டது. நம் பேச்சு எடுபடாமல் போனது எவ்வளவு பெரிய நிஃமத் என்பது ஐந்து மாதம் கழித்தே விளங்கியது.

மறுநாள் அஸருக்குப் பின் அடக்கம். கப்ருஸ்தானில் துஆவுக்கு முன் சில வார்த்தை பேசும்படி முத்தவல்லி கேட்டுக்கொண்டார். நாம் பேசினோம்: "இது அல்லாஹ்வின் கத்ரு. அஜல் வந்துவிட்டால் ஒரு நொடி முந்தாது, பிந்தாது. யார் மீதும் குறை சொல்லாமல் ஸப்ரு செய்வோம்." கூட்டத்தினர் கண்ணீர் வடித்தார்கள். நன்றாகப் பேசினீர்கள் ஹஜ்ரத் என்று சிலர் கைகொடுத்தார்கள். அந்தப் பேச்சு, இத்தாவில் அமர்ந்திருந்த பெண்ணின் செவிக்கு வேறுவிதமாகச் சென்று சேர்ந்தது. கேஸ், கோர்ட் என்று போவது கத்ரை மறுப்பதாகும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார் என்பதாக.

இரண்டு வாரம் கழித்து வேன் உரிமையாளர் தரப்பிலிருந்து இருவர் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும் என்றும் சொன்னார்கள். பெண்ணின் சகோதரர் நம்மிடம் யோசனை கேட்டார். சமாதானமே சிறந்தது என்ற குர்ஆனின் போதனையை எடுத்துக் கூறி, வாங்கிக்கொள்ளலாம் என்றோம். அந்த ஐம்பதாயிரம் நியாயமான தொகையா என்று நாம் எவரிடமும் கேட்கவில்லை. தொழுகையின் ஒரு மஸ்அலாவில் ஐயம் வந்தால் நான்கு கிதாபுகளைப் புரட்டும் நாம், ஒரு யதீமின் ஹக்கில் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. இத்தா முடிந்ததும் கையெழுத்துப் போடலாம் என்று முடிவாயிற்று.

கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது முடிந்த வாரத்தில், தாளை வாசித்துச் சாட்சிக் கையெழுத்திடுவதற்காக நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்திருந்தோம். விபத்து வழக்குகளையே பல்லாண்டுகளாக நடத்தி வருபவர். அவர் தாளை இருமுறை வாசித்தார். பிறகு அதை மடித்துத் தம் முன்னால் வைத்துவிட்டு, "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று குர்ஆன் சொல்கிறது?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை என்பது விளங்கியது. அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனத்தின் கருத்தைச் சொன்னோம். கொன்றவர் அடிமை ஒருவரை விடுதலை செய்ய வேண்டும். கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரிடம் தியத் எனும் உயிரீட்டுத் தொகையை ஒப்படைக்க வேண்டும், அவர்களாக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி. அடிமை கிடைக்காவிடில் தொடர்ந்து இரு மாதம் நோன்பு நோற்க வேண்டும்.

"தவறுதலாக நடந்ததும் கத்ருதானே ஹஜ்ரத்? கத்ரு என்பதற்காக அல்லாஹ் தியத்தைத் தள்ளுபடி செய்துவிட்டானா?"

நம்மிடம் விடை இல்லை. இந்த வசனத்தை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். எத்தனை நோன்பு, எவ்வளவு தியத், யார் மீது கடமை என்று பலகையில் எழுதியிருக்கிறோம். நம் ஊரின் நெடுஞ்சாலையோடு அதைச் சேர்த்துப் பார்த்ததேயில்லை. விட்டுக்கொடுப்பது குடும்பத்தாரின் உரிமை. தம் ஹக்கு இன்னதென்று அறிந்த பின்னரே ஒருவர் அதை விட்டுக்கொடுக்க முடியும். அறியாதவரிடம் வாங்கும் கையெழுத்து எப்படி மனமுவந்த மன்னிப்பாகும்?

வழக்கறிஞர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை அப்படியே இங்கே தருகிறோம்; எவருக்கேனும் பயன்படும். இறந்தவரின் மாத வருமானம் சுமார் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் இறந்தால், எதிர்காலத்தில் உயர்ந்திருக்கக்கூடிய வருமானத்திற்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது. ஆக மாதம் 15,000; ஆண்டுக்கு 1,80,000. அவரை நம்பி வாழ்ந்தவர்கள் நால்வர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழியும், மீதி 1,35,000. நாற்பத்தொன்று முதல் நாற்பத்தைந்து வயது வரை இறந்தவருக்கு அதைப் பதினான்கால் பெருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பு. வரும் தொகை 18,90,000 ரூபாய். ஈமச் செலவு முதலியவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல்.

ஐம்பதாயிரம் எங்கே, பத்தொன்பது இலட்சத்தை நெருங்கும் தொகை எங்கே! முழுவதும் கிடைத்துவிடும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. வருமானத்திற்குச் சான்று இல்லாவிடில் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை அனுமானிக்கும். கடக்கக் கூடாத இடத்தில் கடந்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அவர் பங்கிலும் கவனக்குறைவு உண்டென்று தீர்ப்பாயம் கருதினால் அந்த விகிதத்தில் குறைக்கும். யார் பிழை என்று நிரூபிக்க இயலாத நிலையிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மரணத்திற்கு ஐந்து இலட்சமும், கொடுங்காயத்திற்கு இரண்டரை இலட்சமும் கோரலாம். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்கூட, 2022-ஆம் ஆண்டின் அரசுத் திட்டப்படி மரணத்திற்கு இரண்டு இலட்சம், கொடுங்காயத்திற்கு ஐம்பதாயிரம் உண்டு. "ஓடிப்போன வண்டிக்கே அரசு இரண்டு இலட்சம் தருகிறது ஹஜ்ரத். நின்ற வண்டிக்கு நீங்கள் ஐம்பதாயிரத்திற்கு முடிக்கப் பார்த்தீர்கள்" என்றார். அவர் சினந்து பேசவில்லை. அதுவே நமக்கு அதிகமாக உறைத்தது.

அடுத்து அவர் கேட்டது தேதி. விபத்து நடந்து எத்தனை நாளாயிற்று? விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் இழப்பீட்டு மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. இந்தக் காலவரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு. ஆயினும் அதை நம்பி எவரும் காத்திருக்கலாகாது என்பது அவருடைய எச்சரிக்கை. நம் சமுதாயத்துப் பெண்களின் நிலையை இதனோடு பொருத்திப் பாருங்கள். ஆறு மாதத்தில் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவிலேயே கழிந்துவிடுகிறது. இத்தா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். முடிந்தபின் துக்கம் விசாரிக்க வருபவர்கள், ரமளான், உறவினர் வீட்டுத் திருமணம். அதற்குள் தவணை தீர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் வீட்டில் எஞ்சியிருந்தவை நாற்பத்துச் சொச்சம் நாட்கள்.

இத்தாவில் இருக்கும் பெண் வழக்கறிஞரைப் பார்க்கவே கூடாது என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. வக்காலத்துத் தாளில் கையெழுத்திட அவள் நீதிமன்றத்திற்கு வரவேண்டியதில்லை. வழக்கறிஞரோ அவருடைய உதவியாளரோ வீட்டிற்கு வந்து, மஹ்ரமான ஆண் ஒருவர் முன்னிலையில் பெற்றுக்கொள்ளலாம். இன்றியமையாத் தேவைக்காக இத்தாவிலுள்ள பெண் பகலில் வெளியே செல்வதற்கும் ஃபுகஹாக்கள் இடம் தந்திருக்கிறார்கள். இதை நாம் கிதாபில் படித்திருந்தோம். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. இத்தாவின் சட்டங்களை அந்தப் பெண்ணுக்கு எழுதி அனுப்பியபோது, எந்த நிறத்தில் உடுத்தலாம், எதைப் பூசலாம் என்பதெல்லாம் இருந்தது. இது இல்லை.

அன்று அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "விதின்னு நீங்க சொன்னதாலதான் ஹஜ்ரத் நான் ஒண்ணும் கேக்கல." அதில் குறை சொல்லும் தொனி இல்லை. நம்மை நம்பியதைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மனு தருமபுரி நீதிமன்றத்தில் உரிய தவணைக்குள் தாக்கலாயிற்று. முதல் தகவல் அறிக்கையும், நாம் வேண்டாமென்று தடுத்த அந்தப் பிரேதப் பரிசோதனை அறிக்கையுமே மனுவின் முதல் இரு ஆவணங்கள். பணம் இல்லையே என்று தயங்குவோர் அறிக: பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு அல்லாஹ்வின் கையில். இப்போது அந்தச் சொல்லை நாம் கூசாமல் சொல்லலாம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சொல்கிறோம்.

வழக்கின் ஊடே நாம் அறிந்த இன்னொன்று மனத்தைத் தொட்டது. இழப்பீடு வழங்கப்படும்போது சிறுவர்களின் பங்கைத் தீர்ப்பாயம் உடனே கையில் கொடுப்பதில்லை. வங்கியில் வைப்புத் தொகையாக வைத்து, அவர்கள் உரிய வயதை அடைந்த பின்னரே எடுக்கும்படி ஆணையிடுகிறது. யதீம்கள் பக்குவம் அடையும் வரை அவர்களுடைய பொருளைக் காத்து, பின் சாட்சிகளோடு ஒப்படையுங்கள் என்று குர்ஆன் பொறுப்பாளர்களுக்கு இட்ட கட்டளையை நினைத்துக்கொண்டோம். அதேபோல், வீட்டில் இருக்கும் பெண் இறந்தால் அவளுக்கு என்ன வருமானம், என்ன இழப்பீடு என்று கேட்போர் உண்டு. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட்டுத் தொகை வழங்க வேண்டும் என்பதை 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. இதைப் பிறரைவிட நம் ஆண்கள் படித்துப் பார்ப்பது நல்லது.

மூத்த பிள்ளை ஒரு நாள் பாடம் முடிந்ததும் நின்றான். "ஹஜ்ரத், அத்தாவை இடிச்ச டிரைவர் நரகத்துக்குப் போவாரா?" என்றான். பதினோரு வயது. "அது நமக்குத் தெரியாதும்மா. அவர் வேணும்னு செய்யல. ஆனா கவனமா ஓட்டியிருக்கணும். அதுக்கு அவர் பதில் சொல்லணும், இங்கயும் அங்கயும்" என்றோம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவருக்கும் பசங்க இருப்பாங்கல்ல?" என்று கேட்டான். இருப்பார்கள் என்றோம். இரவும் பகலும் ஓட்டச் சொல்லி விரட்டும் முதலாளியும், டீசல் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லும் வறுமையும் அந்த ஓட்டுநருக்குப் பின்னாலும் இருக்கக்கூடும். இழப்பீடு கேட்பது அவரைப் பழிவாங்குவதாகாது. மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே, ஓர் ஏழை ஓட்டுநரின் பிழையால் இன்னோர் ஏழைக் குடும்பம் அழியாமல் இருப்பதற்காகத்தான். காப்பீடு ஆகாது என்று கூறிக்கொண்டு, புதுப்பிக்காத வண்டியைச் சாலையில் ஓட்டும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் அதை எடுப்பதில் குற்றமில்லை என்றே நம் உஸ்தாதுகள் நமக்குச் சொன்னார்கள். எடுக்காத வண்டியால் ஒருவர் இறந்தால் அந்த யதீம்களுக்கு நாம் எங்கிருந்து கொடுப்போம்?

இனி, பாதையின் ஹக்கு. பாதையோரங்களில் அமர்வதைத் தவிருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று கூறி, பார்வையைத் தாழ்த்துவதையும், எவருக்கும் தொல்லை தராதிருப்பதையும், ஸலாமுக்கு மறுமொழி கூறுவதையும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதையும் எண்ணிச் சொன்னார்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதைச் சிறு பிள்ளைகளும் மனனம் செய்திருக்கிறார்கள். வாகனத்தில் செல்பவரே நடந்து செல்பவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பதும் நபிமொழி. இதை ஒழுக்கப் பாடமாக மட்டுமே நாம் கற்பித்து வந்தோம். இப்போது வேறொன்றும் தென்படுகிறது. உயரத்திலும் வேகத்திலும் இருப்பவர், தாழ்விலும் மெதுவாகவும் செல்பவரை முதலில் கவனிக்க வேண்டும். ஸலாம் சொல்ல வேண்டுமானால் அவரைப் பார்த்தாக வேண்டும், வேகத்தையும் குறைத்தாக வேண்டும். நடைபாதையைப் பயன்படுத்தும் பாதசாரியின் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது.

இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சமன் செய்து வைக்கவில்லை என்று அல்லாஹ் தம்மைக் கேட்பான் என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாற்றில் படிக்கிறோம். சாலையை வடிவமைப்போரும் பராமரிப்போரும் உரிய தரத்தைப் பேணாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு இன்று சொல்கிறது. அந்த அச்சத்தின் முன் இந்த அபராதம் சிறிதுதான். ஆனாலும் பாதை அமைத்தவருக்கும் பொறுப்பு உண்டென்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நடுத்தடுப்பின் இடைவெளியை அடைத்துவிட்டால் மட்டும் போதாது. மக்கள் அங்கே ஏன் கடக்கிறார்கள் என்று பார்த்து, நடைமேம்பாலமோ விளக்கோ வேகத்தடுப்போ அமைத்துத் தர வேண்டும். இதற்காக நம் ஜமாஅத்தும் ஊரிலுள்ள மற்றச் சமயத்துப் பெரியவர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளில் மனு அளித்திருக்கிறோம்.

பிறரிடம் கேட்குமுன் நம்மிடம் இருப்பதைப் பார்க்க வேண்டுமல்லவா? ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசலின் முன் பைக்குகள் சாலையின் பாதியை அடைத்து நிற்கும். முதியவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நடுச்சாலையில் இறங்கி நடப்பார்கள். உள்ளே நாம் பாதையின் ஹக்கைப் பற்றி பயான் செய்துகொண்டிருப்போம். இப்போது நான்கு இளைஞர்கள் முன்கூட்டியே வந்து வண்டிகளை வரிசையாக உள்ளே நிறுத்தச் செய்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பும் அத்தாக்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 199அ பிரிவின்படி சிறுவன் ஓட்டிய வண்டியால் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியின் கருத்து ஹெல்மெட்டுக்கும் பொருந்தும்.

விபத்தைக் கண்டால் போலீஸ், கேஸ் என்று அஞ்சி ஒதுங்கிப் போகாதீர்கள். உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது, அவர் விரும்பாவிடில் பெயரைக்கூடச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று 134அ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. 108-ஐ அழையுங்கள். நம் மாநில அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது குர்ஆன் காட்டும் பார்வை.

இப்போதெல்லாம் மஃரிப் மக்தப் முடிந்ததும் பிள்ளைகளைத் தனியே அனுப்புவதில்லை. கையில் டார்ச் விளக்கோடு நாமும் முஅத்தினும் வரிசையின் முன்னும் பின்னும் நடக்கிறோம். தூரமானாலும் கீழ்வழிப் பாதையையே சுற்றிச் செல்கிறோம். அந்த இரு சகோதரர்களும் வரிசையில் வருகிறார்கள். இளையவன் நம் ஜுப்பாவின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வான். பாதையைக் கடந்து வீட்டு வாசலில் விடும்போது, உள்ளேயிருந்து அவர்களுடைய உம்மாவின் ஸலாம் கேட்கும். பதில் சொல்லிவிட்டுத் திரும்புவோம்.

உமர் (ரலி) அவர்கள் கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் திரும்பியபோது, அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ரின்பால் செல்கிறோம் என்பது அவர்கள் தந்த விடையின் கருத்து. கப்ருஸ்தானில் அன்று நாம் பேசியபோது இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை, அப்படியொரு முறை வராதிருக்க வேண்டும், வந்தால் துஆ ஓதி முடித்தபின் குடும்பத்துப் பெரியவரைத் தனியே அழைத்து மூன்று கேள்வி கேட்போம்: முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்கினீர்களா? வண்டியின் காப்பீட்டு விவரம் தெரியுமா? ஆறு மாதத் தவணை என்று முடிகிறது?

யா அல்லாஹ்! பாதையில் மாண்டவர்களை மன்னித்து அருள் செய்வாயாக. அவர்கள் விட்டுச் சென்ற யதீம்களின் ஹக்கைப் பேணும் மக்களாக எங்களை ஆக்குவாயாக. அறியாமல் நாங்கள் சொன்ன சொல்லால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்திருந்தால் எங்களைப் பொறுத்தருள்வாயாக. ஆமீன்.